திறந்த அரங்கும் திரும்பாத அவையும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12ஆம் நாள் நியூயார்க்கு நகரத்தில் பிராட்வே என வழங்கும் நாடக வீதியின் விளக்குகள் அணைந்தன. கொரோனாக் கொள்ளைநோயின் அச்சத்தால் ஆங்குள்ள 41 அரங்குகளும் ஒருங்கே மூடப்பட்டன. ஒரு திங்களிற் திறந்துவிடலாம் என்று எண்ணியே கதவைப் பூட்டினர். பெரும் இசைநாடகங்கள் மீண்டும் மேடையேற 2021 செப்டம்பர் 14ஆம் நாள் வரையிற் காத்திருக்க நேர்ந்தது. நான்கு நாள் கழித்து இலண்டன் மாநகரத்து அரங்குகளும் மூடப்பட்டன. அகதா கிறிஸ்டி அம்மையார் இயற்றிய ‘எலிப்பொறி’ என்னும் துப்பறியும் நாடகம், 1952 முதல் இரவுதோறும் நடந்துவந்தது, அன்று நின்றது. அது மீளத் தொடங்கியது 2021 மே 17ஆம் நாளிலேதான்.

பூட்டைத் திறப்பதற்கு ஓர் ஆணை போதும். கலைந்த அவையை மீண்டும் கூட்டுவதற்கோ எவ்வாணையும் பயன்படுவதில்லை. கொள்ளைநோய்க்கு முந்திய 2018–19 நாடகப் பருவத்திற் பிராட்வே அரங்குகளுக்கு வந்தோர் தொகை ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம். கதவு திறந்து ஓராண்டு சென்ற பின்னரும், 2022–23 பருவத்தில் வந்தோர் 1 கோடியே 23 இலட்சமே. இருபத்தைந்து இலட்சம் இருக்கைகளை நிரப்பியிருந்தோர் எங்குச் சென்றனர்? அவர்களை மீளக் கொணர்வது எங்ஙனம்? அரசின் மானியத்தை நம்பாது சீட்டு விற்ற பணத்தாலேயே வாழும் வாணிக நாடகத்திற்கு இஃது உயிர்போகும் வினா. இவ்வினாவிற்கு என் சிற்றறிவிற்கு எட்டிய விடையை நண்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

பொதுவாகக் கூறப்படும் காரணங்கள் சில உள. நோயச்சம் நீங்கவில்லை என்பர் சிலர். வீட்டிலிருந்தபடியே படங்களைக் காணும் வசதி பெருகிவிட்டது என்பர் வேறு சிலர். ஆகையாற் கண்ணைப் பறிக்கும் காட்சிகளை அமைத்தும், பெயர்பெற்ற சினிமா நடிகரை மேடைக்கு அழைத்துமே மக்களை இழுத்தல் வேண்டும் என்பது அவர்தம் முடிபு. இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், நீண்டகாலம் மூடிக்கிடந்த அரங்கு இழப்பது மக்களின் விருப்பத்தையன்று, அவர்தம் வழக்கத்தை. திங்களுக்கு ஒருமுறை நாடகத்திற்குச் செல்பவர், செல்லாமலே பதினெட்டுத் திங்கள் வாழப் பழகிவிட்டார். அறுந்த வழக்கத்தை மீண்டும் முடிதல் வேண்டுமாயின், அவர் பலமுறை வருதற்கேற்ற விலையில் ஓர் இடம் அவருக்கென இருத்தல் வேண்டும். அடைப்புக்காலத்து நட்டத்தையெல்லாம் திறந்தபின் வருவோர் தலையில் ஏற்றும் அரங்கு, பணம் படைத்த சிலரைப் பெற்றுப் பலரை இழக்கும். இதுவே யான் கூறவந்தது.

நாடகத்தை வேத்தியல், பொதுவியல் என இருவகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். வேந்தன் முன் ஆடுவது வேத்தியல். எல்லோர் முன்னும் ஆடுவது பொதுவியல். வாணிக நாடகம் தன் இயல்பாற் பொதுவியலே. பலர் தரும் சிறு பொருளால் வாழ்வது அது. நீண்ட அடைப்பிற்குப் பின் அது தன்னை அறியாமலே வேத்தியலாக மாறிவிடும் அபாயம் உண்டு. இது வெறும் ஊகம் அன்று. இலண்டன் மாநகரத்து நாடக வரலாறே இதற்குச் சான்று.

ஷேக்ஸ்பியரைத் தேர்வுக்காகப் படிக்கும் நம் மாணவர் பலர், அவர்தம் குளோப் அரங்கில் நுழைவதற்கு என்ன கொடுத்தனர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மேடையைச் சூழ்ந்த திறந்த முற்றத்தில் நின்று காண்பதற்கு ஒரு பென்னி. கூரையின்கீழ் அமர்ந்து காண்பதற்கு மேலும் ஒரு பென்னி. நம் நாட்டு நாடகக் கொட்டகைகளில் தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுத்திருந்தார்களே, அதுபோன்றது. தரையில் இருந்தோர் தொகையே கொட்டகையைத் தாங்கியது. பிளேக்கு நோயால் 1592 முதல் 1594 வரையிலும், மீண்டும் 1603இலும் இலண்டன் அரங்குகள் மூடப்பட்டன. எனினும் ஒவ்வொருமுறையும் கூட்டம் திரும்பிவந்தது. ஒரு பென்னி வாயில் அடைபடாமல் இருந்தது அதற்கொரு முதன்மையான காரணம் என்பது என் துணிபு.

பிறகு வந்தது பெரிய அடைப்பு. 1642 செப்டம்பர் 2ஆம் நாள், உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில், நாடகங்கள் நிறுத்தப்படுக எனப் பாராளுமன்றம் ஆணையிட்டது. 1648இல் வந்த சட்டம் இன்னும் கொடியது: நடிப்போர்க்குக் கசையடி, காண்போர்க்கு 5 ஷில்லிங் அபராதம். பதினெட்டு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. 1660இல் இரண்டாம் சார்லஸ் மன்னன் முடிசூட மீண்டதும், கில்லிகுரூ, டாவனன்ட் என்னும் இருவர்க்கு மட்டும் நாடகம் நடத்தும் உரிமையை வழங்கினான்.

இவ்விருவரும் மக்களை எங்ஙனம் அழைத்தனர் எனின், இன்று கூறப்படும் முறைகளாலேயே அழைத்தனர். புதுமைகளைக் கொணர்ந்தனர். அதுவரையிற் சிறுவர் பெண்வேடம் பூண்டுவந்த தொழில்முறை மேடையில் பெண்டிரே நடிக்கலாயினர். டாவனன்ட் 1661இற் பந்தாடும் கூடமொன்றை அரங்காக்கி, நகர்ந்து மாறும் காட்சித் திரைகளை அமைத்தார். மன்னனும் அரண்மனையாரும் விரும்பிச் சென்றனர். ஆனால் விலை என்ன? மேல்மாடத்தின் கடைசி இருக்கைக்கே ஒரு ஷில்லிங். மேடைமுன் தளத்திற்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். தனியறைக்கு 4 ஷில்லிங். ஒரு ஷில்லிங் என்பது 12 பென்னி. பழைய குளோப் முற்றத்தில் நின்ற தொழிலாளியின் ஒரு பென்னிக்குப் புதிய அரங்கில் இடமே இல்லை.

பயன் யாதாயிற்று? 1642இல் ஆணை வந்தபோது இலண்டனில் இயங்கிவந்த அரங்குகள் ஆறு. 1660க்குப் பின் இருந்தவை இரண்டே. அவ்விரண்டும் நிரம்பவில்லை. 1682இல் இரு குழுவினரும் ஒன்றாயினர்; அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் அப்பெருநகரத்திற்கு ஒரே நாடகக் குழுவே போதுமாயிருந்தது. உரிமையை இருவர்க்கே வரையறுத்ததும் அரசியற் குழப்பமும் இதற்குத் துணைக்காரணங்கள் ஆம். ஆயினும், காட்சியும் புதுமையும் மன்னனின் ஆதரவும் குறைவின்றி இருந்தும், இரண்டு அரங்கை நிரப்பப் போதிய மக்கள் அந்நகரத்தில் அரங்கின்பால் வரவில்லை என்பது மறுக்கவொண்ணாதது. பொதுவியலாக மூடிய நாடகம் வேத்தியலாகத் திறந்தது.

இரண்டாவது சான்று இன்னும் தெளிவானது. 1808 செப்டம்பரில் இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கு தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 1,50,000 பவுன் செலவிட்டு, ஓராண்டிற்குள் அதை மீண்டும் எழுப்பி, 1809 செப்டம்பர் 18ஆம் நாள் ‘மாக்பெத்’ நாடகத்தோடு திறந்தார் பெரும்புகழ் நடிகரும் அரங்கின் தலைவருமாகிய ஜான் பிலிப் கெம்பிள். கட்டிய செலவை மீட்கும்பொருட்டு விலையை உயர்த்தினார். தனியறை 6 ஷில்லிங்கிலிருந்து 7 ஆயிற்று. மேடைமுன் தளம் 3 ஷில்லிங் 6 பென்ஸிலிருந்து 4 ஆயிற்று. அன்றியும், பொதுமக்கள் இருந்த அடுக்கொன்றை எடுத்துச் செல்வர்க்கு ஆண்டு வாடகைக்கு விடும் அறைகளாக்கினார். மேல்மாடத்தின் விலை உயரவில்லையெனினும் அங்கிருந்தோர்க்கு நடிகரின் கால்களே தெரிந்தன என்று குறை கூறினர்.

திரை எழுந்தது, கூச்சலும் எழுந்தது. ‘பழைய விலை, பழைய விலை’ என்று அவை முழுவதும் முழங்கியது. மணியும் கொம்பும் தாரையும் கொணர்ந்து ஒலித்தனர். மேடைக்கு முதுகு காட்டி நின்றனர். இருக்கைகளின்மேல் ஏறித் தாளமிட்டு ஆடினர். நடிகர் வாய் அசைந்ததேயன்றிச் சொல் ஒன்றும் கேட்கவில்லை. ஏறத்தாழ மூன்று திங்கள், 67 இரவுகள், இது நடந்தது. இறுதியிற் கெம்பிள் பணிந்தார். அவையின்முன் நின்று மன்னிப்பும் வேண்டினார். மேடைமுன் தளத்தின் விலை பழையபடி 3 ஷில்லிங் 6 பென்ஸ் ஆயிற்று. வாடகை அறைகள் குறைக்கப்பட்டன. தனியறையின் 7 ஷில்லிங்கோ உயர்ந்தபடியே நின்றது.

அக்கலகத்தின் முடிவை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அரங்கிற்கு வருவாய் வேண்டாம் என மக்கள் கூறவில்லை. செல்வர் மிகுதியாகக் கொடுப்பதை அவர்கள் மறுக்கவும் இல்லை. தங்கள் இடம் தங்களுக்குப் பழைய விலையில் வேண்டும் என்றனர். வந்து கூச்சலிட்டவரை இணங்கச் செய்ய வழி இருந்தது, அவர் அரங்கினுள்ளே இருந்தமையால். இன்று விலை உயரும்போது எவரும் கூச்சலிடுவதில்லை; வாராமல் இருந்துவிடுகின்றனர். கெம்பிளுக்கு நேர்ந்ததினும் பெரிய ஆபத்து இந்த மௌனம்.

இனிப் பிராட்வேக்கு மீள்வோம். 2025ஆம் ஆண்டில் டென்சல் வாஷிங்டன், ஜேக் கில்லென்ஹால் என்னும் சினிமா நடிகர் இருவர் ‘ஒதெல்லோ’வில் நடித்தபோது, நல்ல இருக்கையொன்றின் விலை 921 டாலர் வரையிற் சென்றது. அரங்கு நிரம்பியது, வருவாய் பெருகியது. 2024–25 பருவத்திற் பிராட்வேயின் மொத்த வருவாய் 189 கோடி டாலர். கொள்ளைநோய்க்கு முன் 2018–19இல் 183 கோடி. வந்தோர் தொகையோ 1 கோடியே 47 இலட்சம். முந்திய தொகையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. இதைக் கண்டு, ‘பார்மின், உயர்ந்த விலையே எம்மைக் காத்தது’ என்று வாணிகர் மகிழலாம். ஆனால் அந்நடிகர் இருவரும் குறித்த சில வாரங்களே ஆடிச் சென்றனர். அவரைக் காணவந்தோர் அவரைக் கண்டனர். நாடகம் காணும் வழக்கத்தை அதனாற் பெற்றனர் என்று கொள்ளுதற்கில்லை. பெருந்தொகையிட்டு எழுப்பிய புதிய இசைநாடகங்களுள் போட்ட முதலை மீட்டவை மிகச் சிலவே என்பதும் அவ்வீதியிலேயே கேட்கும் முறையீடு.

வாணிகர் தம் பக்கத்தையும் நேர்மையாகக் கூறுதல் வேண்டும். கூலி உயர்ந்தது, மரமும் துணியும் விளக்கும் விலை உயர்ந்தன, அரங்க வாடகையும் விளம்பரச் செலவும் குறையவில்லை; குறைந்த விலைக்கு விற்றால் எங்ஙனம் பிழைப்பது என்பர். நியாயமான கேள்விதான். ஆனால் நாடக வாணிகத்தின் இயல்பொன்று இதற்கு விடையளிக்கின்றது. துணிக்கடையில் இன்று விலைபோகாத சேலை நாளை விலைபோகும். அரங்கில் இன்றிரவு காலியாகக் கிடந்த நாற்காலியோ, திரை எழுந்த கணமே மதிப்பற்றது. நடிகர்க்கும் இசைவாணர்க்கும் கொடுக்கும் வாரச் செலவு, ஆயிரம்பேர் வந்தாலும் ஐந்நூறுபேர் வந்தாலும் பெரிதும் ஒன்றே. ஆகவே காலி நாற்காலியிற் குறைந்த விலைக்கு ஒருவரை அமர்த்துவதால் வாணிகர்க்கு இழப்பில்லை. வந்தவர் மகிழ்ந்தால் நாளை நால்வரிடம் கூறுவார்.

பிராட்வேக்கு இது தெரியாததன்று. 1973 முதல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், அன்றைய ஆட்டத்திற்கு எஞ்சிய சீட்டுகளைக் குறைந்த விலைக்கு விற்கும் கூடம் ஒன்று நடந்துவருகின்றது. 1996இல் மேடையேறிய ‘ரென்ட்’ என்னும் இசைநாடகத்தார் முன்வரிசை இருக்கைகளையே 20 டாலருக்கு விற்றனர். முண்டியடித்த கூட்டத்தைச் சமாளிக்கப் பின்னர்க் குலுக்கல் முறை வந்தது. இன்று பல நாடகங்களுக்கு அக்குலுக்கல் உண்டு. இவை நல்லனவே. எனினும் குலுக்கலில் வெல்வது நற்பேறு. நற்பேற்றை நம்பி ஒருவர் வழக்கம் கொள்ள இயலாது. ஒரு தாய் தன் மக்கள் இருவரையும் அடுத்த சனிக்கிழமை அழைத்துச் செல்வதாக வாக்களிக்க வேண்டுமாயின், சீட்டின் விலையும் இடமும் அவளுக்கு இன்றே தெரிதல் வேண்டும்.

ஆகலின் செய்யத்தக்கனவாக எனக்குத் தோன்றுவனவற்றைக் கூறுவேன். முதலாவது, ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு குறித்த பங்கு இருக்கைகள் எளிய விலைக்கு உரியனவாய், அனைவரும் அறிய ஒதுக்கப்படுதல் வேண்டும். நாடகம் வெற்றிபெற்றபோதும் அவ்விலை ஏறலாகாது. 1997இல் தேம்ஸ் நதிக்கரையிற் புதுக்கி எழுப்பிய குளோப் அரங்கில் நின்று காண்போர் 700 பேர்க்குப் பல்லாண்டுகள் 5 பவுன் விலையே இருந்தது. அஃது அறநிலையமன்றோ என்பீராயின், ஆம். ஆயினும் சீட்டு விற்ற பணத்தையே பெரிதும் நம்பி நடந்துவந்த அறநிலையம் அது. முன்வரிசையிற் செல்வர் நூற்றுக்கணக்கிற் கொடுக்கட்டும். 1809இன் உடன்பாடும் இதுவேயன்றோ?

இரண்டாவது, விலை ஒளிவின்றி இருத்தல் வேண்டும். ஒரு விலையைக் காட்டி அழைத்துவிட்டுப் பணம் செலுத்தும் இடத்திற் கட்டணத்தின்மேற் கட்டணமாகக் கூட்டுவது மனக்கசப்பையே விளைக்கும். 2025 மே மாதம் முதல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முழு விலையையும் முதலிலேயே காட்டுக என விதி வந்துள்ளது. சட்டம் வருமுன்னரே அரங்குகள் தாமே இதைச் செய்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, நேரம். கொள்ளைநோய்க்குப் பின் நெடுந்தொலைவினின்று வருவோர் நள்ளிரவில் வீடு திரும்ப அஞ்சுகின்றனர். பிராட்வேயிற் பல நாடகங்கள் எட்டு மணிக்கு மாறாக ஏழு மணிக்கே தொடங்கலாயின. இலண்டன் தேசிய நாடக அரங்கு 2024இற் சில நாட்களில் மாலை 6.30க்கே தொடங்கிப் பார்த்தது. காலத்தோடு மாறுவது இழிவன்று. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் பிற்பகல் இரண்டு மணிக்கே தொடங்கின.

நான்காவது, நம்பிக்கை. 2021 டிசம்பரில் நடிகர்க்கு நோய் கண்டமையால் இரு நகரங்களிலும் எத்தனையோ ஆட்டங்கள் இறுதி நாழிகையில் நிறுத்தப்பட்டன. தொலைவூரிலிருந்து வந்து பூட்டிய கதவைக் கண்டவர் மறுமுறை சீட்டு வாங்கத் தயங்குவார். மாற்று நடிகரை நன்கு பயிற்றி ஆயத்தமாக வைத்தலும், ஆட்டம் நின்றாற் பணத்தையோ வேறு நாளையோ முணுமுணுப்பின்றி அளித்தலும் செலவல்ல, வாணிகத்தின் முதல்.

ஐந்தாவது, இளையோர். இலண்டன் அரங்குகள் 1998 முதல் கோடைகாலத்தில், சீட்டு வாங்கிய பெரியவர் ஒருவரோடு வரும் சிறுவர் ஒருவரை இலவசமாக அனுமதித்து வருகின்றன. பத்து வயதில் விளக்கணைந்து திரை எழும் அந்நொடியை அறிந்தவர் நாற்பது வயதிலும் அதை மறவார். இலண்டன் அரங்குகளுக்கு 2019இல் வந்தோர் 1 கோடியே 53 இலட்சம். 2022இலேயே அத்தொகை 1 கோடியே 64 இலட்சமாக உயர்ந்தது. பிராட்வே அந்நாளிற் பழைய நிலையை எட்டவில்லை. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பல. ஆனால் இலண்டனில் நாடகச் சீட்டின் விலை பொதுவாக நியூயார்க்கினதினும் குறைவு என்பதை அவற்றுள் ஒன்றாகக் கொள்ளாது விடுதல் இயலாது.

அடைப்பின் நட்டத்தை யார் சுமப்பது என்பது எஞ்சிய வினா. பொதுமக்களின் உடல்நலம் கருதி அரசு மூடச் சொன்னது. ஆகையால் நட்டத்தில் ஒரு பங்கை அரசு ஏற்றது முறையே. அமெரிக்க அரசு மூடிய அரங்குகள் முதலியவற்றிற்கென 1,600 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பிராட்வே நாடகங்களும் அதிற் பங்கு பெற்றன. பிரிட்டிஷ் அரசு 2020இற் கலை நிலையங்கள் யாவற்றிற்குமாக 157 கோடி பவுன் அறிவித்ததோடு, நுழைவுச்சீட்டின் மீதிருந்த 20 விழுக்காட்டு வரியையும் சிலகாலம் 5 விழுக்காடாகக் குறைத்தது. இப்பணம் யாருடையது? அரங்கினுட் காலடியே வைத்திராத பாரம் சுமப்போனும் பள்ளி ஆசிரியையும் செலுத்திய வரிப்பணம். அவர்கள் ஒருமுறை கொடுத்துவிட்டனர். திறந்த வாயிலில் அவர்களை நோக்கி 921 டாலர் கேட்பது அறமாகாது. நெடுநோக்கில் வாணிகமும் ஆகாது.

நல்ல நாடகம் இல்லாமல் மலிந்த சீட்டு என் செய்யும் என்று சிலர் வினவலாம். உண்மை, சுவையற்ற உணவை இலவசமாக இட்டாலும் பந்தி நிரம்பாது. ஆனால் நல்ல நாடகம் பிறப்பதும் கலந்த அவையின் முன்னரே. அரசவையார் மட்டும் இருந்த 1660க்குப் பிந்திய மேடையில் அரசவையின் நகையும் காமமுமே பெரிதும் விளங்கின. முற்றத்தில் நின்ற தச்சனும் மாடத்தில் இருந்த பிரபுவும் ஒருங்கே கேட்ட மேடைக்கு எழுதினார் ஷேக்ஸ்பியர். அவர் சொல்லில் இருவர்க்கும் இடம் உண்டு.

நம் கல்லூரி மண்டபத்தில் ஆண்டுதோறும் நாடகம் ஆடும் மாணவ நண்பர்கள் இதை நினைவிற் கொள்வாராக. முன்னிருக்கையில் அமரும் விருந்தினரைக் கொண்டு மட்டும் எந்நாடகமும் வென்றதில்லை. பின்சுவரோரம் நின்று காண்போர் சிரித்தால்தான் மண்டபம் சிரிக்கும். பிராட்வேயும் இலண்டனும் நிற்பவனுக்கு மீண்டும் ஓர் இடம் ஒதுக்குமாயின், ஓய்ந்த வழக்கம் தளிர்க்கும், அரங்கும் நிறையும்.